‘சர்டிஃபிகேட் கொண்டு வாங்க’: குழந்தையின் சிறப்புக் கல்வித் தேவையை மதிப்பிடுவது யார் பொறுப்பு?

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் கேட்டால், “எங்கேயாவது காட்டி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள். அரசு மருத்துவமனையில், “பள்ளியிலிருந்து எழுதி வாங்கி வாருங்கள்” என்கிறார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையம் அடுத்த மருத்துவ முகாம் வரை காத்திருக்கச் சொல்கிறது. தனியார் மையம் உடனே பார்க்கும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு அது தரும் அறிக்கையைப் பள்ளியோ தேர்வுத் துறையோ ஏற்குமா என்பது உறுதியில்லை. இப்படிச் சுற்றுவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விடும்.

இவர்களில் யார் சொல்வதும் முழுப் பொய் இல்லை. குழப்பத்துக்குக் காரணமே அதுதான். ‘மதிப்பீடு’ என்ற ஒரே பெயரில் ஒவ்வொருவரும் வெவ்வேறு வேலையைச் சொல்கிறார்கள். இந்தியச் சட்டம் அந்த வேலைகளைப் பள்ளி, அரசு, மருத்துவ அதிகாரி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. அவற்றில் ஒரு வேலை மட்டும் யார் பேரிலும் தெளிவாக எழுதப்படாமல் நிற்கிறது. குழந்தைக்கு வகுப்பறையில் அதிகம் உதவக்கூடியதும் அந்த வேலைதான்.

## ஒரே பெயரில் மூன்று வேலைகள்

1. கண்டறிதல். இந்தக் குழந்தையிடம் ஏதோ சிரமம் தெரிகிறது, கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அடையாளம் காண்பது. வகுப்பாசிரியர் ஒரு கேள்விப்பட்டியலை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது. இது நோயறிதல் அல்ல. குழந்தைக்கு எந்தப் பெயரும் சூட்டுவதில்லை.

2. கல்வித் தேவை மதிப்பீடு. குழந்தையால் எது முடிகிறது, எது முடியவில்லை, என்ன மாற்றம் செய்தால் கற்க முடியும் என்று ஆராய்வது. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் சிக்கலா, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலா, கேட்ட கட்டளையை நினைவில் வைத்திருப்பதிலா, சத்தம் அதிகமான வகுப்பில் உட்காருவதிலா? விடையைப் பொறுத்து பாடம் நடத்தும் முறை, இருக்கை, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாமே மாறும்.

3. சான்றளிப்பு. குழந்தைக்குச் சட்டம் பட்டியலிட்டுள்ள குறைபாடு இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று மருத்துவ அதிகாரி முடிவு செய்து சான்றிதழ் தருவது. இப்போது இது யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையாகக் கைக்கு வருகிறது.

மூன்றாவது வேலையின் முடிவு ஓர் எண். ‘45 சதவீதம்’ என்று அட்டையில் எழுதியிருப்பதை வைத்து நாளை காலை தமிழ்ப் பாடத்தை எப்படி நடத்துவது என்று எந்த ஆசிரியராலும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் பெற்றோர் அலைவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுக்காகத்தான்.

## சட்டங்கள் எவை?

முக்கியமானவை இரண்டு. ஒன்று, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது இதில்தான். அதுவரை வாசிக்கத் திணறிய குழந்தை சட்டப்படி வெறும் ‘சுமாராகப் படிக்கும் குழந்தை’.

இரண்டாவது, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். 2012-இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் ‘பின்தங்கிய பிரிவினர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொறுப்பு யாருடையது என்று புரியும். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

## பள்ளியின் பொறுப்பு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றிப் பேசுகிறது. ‘அங்கீகாரம்’ என்ற சொல் அங்கே இருப்பதால் சுயநிதி தனியார் பள்ளிகளும் உள்ளே வந்துவிடுகின்றன. அந்தப் பிரிவு சொல்லும் கடமைகளில் நம் விஷயத்துக்கு நேராகத் தொடர்புள்ளவை நான்கு:

1. பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வது.
2. ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதி ஏற்பாடும் தனிப்பட்ட ஆதரவும் தருவது.
3. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, கற்பித்தல் முறையிலும் பிற வகையிலும் தக்க நடவடிக்கை எடுப்பது.
4. ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் தொடர்ந்து கண்காணிப்பது.

மூன்றாவதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கண்டறியும் வேலை கல்வி நிறுவனத்தின் கடமைப் பட்டியலில் இருக்கிறது. பெற்றோர் கண்டறிந்து கொண்டுவர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கண்டறிவதோடு நிற்கவும் விடவில்லை. கற்பித்தலில் நடவடிக்கை எடு என்கிறது. சான்றிதழ் வந்த பிறகு எடு என்று சொல்லவில்லை.

இதற்கான நடைமுறை, குறைபாடுகளை மதிப்பிட மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறது. அதன்படி அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் அல்லது முதல்வர் தலைமையில் ஒரு கண்டறிதல் குழு இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது, ஆசிரியர்கள் கற்றல் குறைபாட்டுக்கான முதல்கட்டக் கண்டறிதலைச் செய்ய வேண்டும். சந்தேகம் இருக்கும் குழந்தையை அந்தக் குழுதான் மேல் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நெறிமுறைகள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன. சோதனைக் கருவி, சதவீதக் கணக்கு பற்றிய விவரங்களுக்கு அந்தத் திருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். “எங்கள் பள்ளியில் கண்டறிதல் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று பெற்றோர் எழுத்தில் கேட்டால் தடுமாறாத பள்ளிகள் குறைவாகவே இருக்கும்.

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. என்.சி.இ.ஆர்.டி. 2022 செப்டம்பரில் ‘பிரஷஸ்த்’ என்ற கண்டறிதல் பட்டியலையும் அதற்கான மொபைல் செயலியையும் வெளியிட்டது. 21 வகைக் குறைபாடுகளுக்கும் பொருந்தும் கேள்விகள் அதில் இருக்கின்றன. முதல் பகுதி சாதாரண வகுப்பாசிரியருக்கு; இரண்டாம் பகுதி சிறப்பாசிரியர் போன்றவர்களுக்கு.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளியோடு நிற்காமல் ஆசிரியர் வரைக்கும் வருகிறது. அதன் 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன: நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது, பெற்றோரைச் சந்திப்பது. அந்த வரிசையிலேயே, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதல் பயிற்சி தருவதும் இருக்கிறது. தவறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமுண்டு. 40 குழந்தைகள் உள்ள வகுப்பில் இது எந்த அளவுக்குச் சாத்தியம் என்பது வேறு கேள்வி. சட்டம் ஆசிரியர் மேல் கடமையை வைத்த வேகத்தில் அவருக்கு நேரத்தையும் பயிற்சியையும் தரவில்லை என்பது உண்மை.

### சேர்க்கையின்போது மட்டும் கூடாது

கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தச் சோதனையும் நடத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் தலா 50,000 ரூபாய் வரையும் அபராதம். ‘அப்சர்வேஷன் செஷன்’, ‘இண்டராக்‌ஷன்’ என்று பெயரை மாற்றி வைத்தாலும் நோக்கம் வடிகட்டுவதாக இருந்தால் இது பொருந்தும்.

“அப்படியானால் கண்டறிதலே சட்டவிரோதம்தானே?” என்று சில பள்ளிகள் திருப்பிக் கேட்கின்றன. கிடையாது. தடை இருப்பது சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க நடத்தும் சோதனைக்கு. சேர்த்த பிறகு உதவி செய்வதற்காகக் கண்டறிவது கடமை. ஒரே கேள்வித்தாளாக இருந்தாலும் எதற்காக, எப்போது என்பதைப் பொறுத்து ஒன்று குற்றம், இன்னொன்று கடமை.

## அரசின் பொறுப்பு

இங்கே மூன்று கடமைகள் தனித்தனியாக இருக்கின்றன.

முதலாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பள்ளி செல்லும் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை அடையாளம் காண்பது, அவர்களின் சிறப்புத் தேவைகளை அறிவது, அவை எந்த அளவுக்கு நிறைவேறுகின்றன என்று பார்ப்பது மூன்றும் அதில் அடங்கும். முதல் கணக்கெடுப்பு சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2019 ஏப்ரலுக்குள் நடந்திருக்க வேண்டும். தலைகளை எண்ணினால் மட்டும் போதாது, தேவை நிறைவேறுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்ற கடைசிப் பகுதியைத்தான் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, 25-ஆம் பிரிவு. குறைபாடு ஏற்படும் ஆபத்துள்ளவர்களை அறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டம் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வரும். பிரச்சினை தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். சட்டம் ‘எல்லாக் குழந்தைகளும்’ என்கிறது. திட்டத்தில் சுயநிதி தனியார் பள்ளிகள் இல்லை. அங்கே படிக்கும் குழந்தை அரசுக் குழுவின் கண்ணில் படாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம்.

மூன்றாவது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று நாம் சொல்லும் ‘சமக்ர சிக்ஷா’வின் கீழ் வட்டார அளவில் நடக்கும் மதிப்பீட்டு முகாம்கள். இது சட்டத்தில் உள்ளதல்ல. 17-ஆம் பிரிவின் கடமையை நிறைவேற்ற அரசுகள் வைத்திருக்கும் வழி. மருத்துவர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள் ஒரே இடத்தில் கூடுவார்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கண் கண்ணாடி போன்றவற்றுக்கு அளவெடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் குறைபாடுகளுக்கு இந்த முகாம் ஓரளவு பயன்படும். கற்றல் குறைபாட்டையோ லேசான ஆட்டிசத்தையோ கூட்டமான ஒரு முகாமில் பத்து நிமிடத்தில் சரியாகப் பார்க்க முடியாது. அதற்குப் பல அமர்வுகள் தேவை.

‘அரசு’ என்றால் எந்த அரசு? மத்திய அரசின் நிதியில் நடக்கும் கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு மத்திய அரசு. மற்றவற்றுக்கு மாநில அரசு. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் என்பதால் மட்டும் ஒரு தனியார் பள்ளி மாநிலத்தின் பொறுப்பிலிருந்து வெளியே போய்விடாது. அங்கீகாரம் பெறவும் ஆட்சேபனையின்மைச் சான்று வாங்கவும் அது மாநிலக் கல்வித் துறையிடம்தான் போகிறது.

## மருத்துவ அதிகாரியின் பொறுப்பு

சான்றிதழ் தருவது பள்ளியின் வேலையும் இல்லை, தனியார் மனநல ஆலோசகரின் வேலையும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி மாநில அரசு அறிவிக்கும் சான்றளிக்கும் அதிகாரிக்குத்தான் அந்த அதிகாரம். மக்கள் பேச்சில் ‘மெடிக்கல் போர்டு’. விண்ணப்பித்தால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் முடிவு தர வேண்டும் என்று இருந்தது. 2024 அக்டோபரில் வந்த திருத்தம் அதை மூன்று மாதமாக நீட்டியது. குறைபாடு இல்லை என்று முடிவு செய்தாலும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். முடிவு தவறு என்று நினைத்தால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. “போர்டில் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க” என்று வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டால், மேல்முறையீடு செய்யக் கையில் எதுவும் இருக்காது.

கற்றல் குறைபாட்டுக்கான பாதை கொஞ்சம் நீளம். முதலில் குழந்தைநல மருத்துவர் பார்வையையும் கேட்கும் திறனையும் சரிபார்க்க வேண்டும். கரும்பலகை சரியாகத் தெரியாததால் பின்தங்கிய குழந்தைக்குத் தேவை கண்ணாடிதான், டிஸ்லெக்சியா முத்திரை அல்ல. அதன் பிறகு மருத்துவ உளவியலாளர் அல்லது மறுவாழ்வு உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனையும் கற்றல் திறன் சோதனையும் நடத்துவார். 2018 நெறிமுறையின்படி எட்டு வயதுக்கு மேல்தான் சான்று தரப்படும். 14 வயதில் மறுபடியும், 18 வயதில் கடைசியாகவும் பரிசோதிக்க வேண்டும். 18-இல் தருவது ஆயுளுக்கும் செல்லும்.

இங்கே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. 16-ஆம் பிரிவு ‘கூடிய சீக்கிரம்’ என்கிறது. நெறிமுறை எட்டு வயது என்கிறது. மருத்துவக் காரணம் நியாயமானது: சின்ன வயதில் வாசிப்பு தாமதமாவது சாதாரணம், அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. ஆனால் ஒன்றாம் வகுப்பிலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிட்ட சிரமத்துக்கு எட்டு வயது வரை எதுவும் செய்யாமல் இருக்க அந்த வயது வரம்பைச் சாக்காகச் சொல்ல முடியாது. வரம்பு இருப்பது சான்றிதழுக்கு. கற்பிக்கும் முறையை மாற்ற எந்த வயது வரம்பும் இல்லை.

சோதனை செய்யும் உளவியலாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டின் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. தனியார் மையத்தில் பணம் கட்டும் முன் அறிக்கையில் கையெழுத்திடப் போகிறவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், வருகிற மதிப்பெண் வாசிப்புக் குறைபாட்டைக் காட்டுகிறதா, ஆங்கிலப் பழக்கம் போதாததைக் காட்டுகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

## சான்றிதழ் இல்லையென்றால் உதவி கிடையாதா?

பள்ளிகள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

சட்டத்தில் இரண்டு அடுக்கு இருக்கிறது. நீண்டகாலக் குறைபாட்டால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கத் தடை இருக்கும் எவரும் மாற்றுத்திறனாளி. அவர்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்கள் தனிப் பிரிவு. இட ஒதுக்கீடு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, இலவச உபகரணங்கள் போன்றவை இந்த இரண்டாம் அடுக்குக்கு. ஆனால் 16-ஆம் பிரிவு சொல்லும் வசதி ஏற்பாடு, தனிப்பட்ட ஆதரவு, கண்டறிதல் இவற்றில் 40 சதவீதம் என்ற நிபந்தனையே கிடையாது.

உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கைத் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு, சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்கு 40 சதவீதம் இல்லை என்பது யூ.பி.எஸ்.சி.யின் வாதம். வசதி ஏற்பாடு பெறும் உரிமை எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு, அதைச் சதவீதத்தில் அடைக்க முடியாது, ஆளுக்கு ஆள் தேவையைப் பார்த்துத் தர வேண்டும் என்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய தீர்ப்பு சொன்னது. அதன் தொடர்ச்சியாக 40 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கும் எழுதுபவர் வைக்க மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வழிமுறை வெளியிட்டது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்புச் சேர்க்கை வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம், சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது, அவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்றது.

இரண்டுமே வளர்ந்தவர்களின் தேர்வு, சேர்க்கை பற்றிய வழக்குகள்தான். ஆனால் வசதி ஏற்பாடு என்பதற்குச் சட்டத்தில் ஒரே வரையறைதான் இருக்கிறது. பள்ளிக்குத் தனி வரையறை இல்லை.

எங்கே சான்றிதழ் உண்மையிலேயே தேவை என்றால், பொதுத் தேர்வில். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தமிழ்நாட்டின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் மருத்துவச் சான்றைக் கேட்கிறது. சி.பி.எஸ்.இ.யும் கேட்கிறது. அதனால் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

## நடுவில் விட்டுப்போன வேலை

இப்போது அந்த இரண்டாவது வேலைக்கு வருவோம். கண்டறிய பள்ளி இருக்கிறது. சான்று தர மருத்துவ அதிகாரி இருக்கிறார். இந்தக் குழந்தைக்கு வகுப்பில் என்ன வேண்டும் என்று முழுமையாக மதிப்பிட்டு எழுதித் தர வேண்டியது யார்?

16-ஆம் பிரிவைக் கவனமாகப் படித்தால், ‘கல்வி நிறுவனங்கள் உள்ளடக்கிய கல்வி தரும்படி அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் முயல வேண்டும்’ என்றுதான் தொடங்குகிறது. கடமைகளின் பட்டியல் அதன் பின்னால் வருகிறது. செய்ய வேண்டியது பள்ளி, பார்த்துக்கொள்ள வேண்டியது அரசு. அரசின் பங்கோ ‘முயல்வது’. தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும் என்று இருக்கிறதே தவிர, அந்த ஆதரவு என்ன என்று தீர்மானிக்கும் மதிப்பீடு பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை நாளில், யார், எந்த வடிவில் செய்ய வேண்டும் என்றும் இல்லை. செய்யாவிட்டால் மேல்முறையீடு எங்கே என்றும் இல்லை. தனிநபர் கல்வித் திட்டம் என்று சிறப்பாசிரியர்கள் தயாரிக்கும் ஆவணம் நடைமுறையில் உண்டு. சட்டத்தில் அதன் பெயரே கிடையாது.

இங்கிலாந்தை ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் இந்த மதிப்பீட்டை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று நேரடியாக எழுதுகிறது. பெற்றோரே கேட்கலாம். கேட்டு 6 வாரத்துக்குள் மதிப்பிடப் போகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும்; தேவை என்றால் 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் கையில் இருக்க வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோய்ப் பெயரோ சான்றிதழோ தேவையில்லை. சிறப்புத் தேவை ‘இருக்கலாம்’, அதற்குத் திட்டம் ‘தேவைப்படலாம்’ என்ற நிலையே மதிப்பீட்டைத் தொடங்கப் போதும். காலக்கெடு அடிக்கடி மீறப்படுகிறது என்ற புகார் அங்கேயும் பலமாக இருக்கிறது. ஆனால் மீறினால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை.

அயர்லாந்து வேறு விதமான பாடம். அங்கே 2004-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மதிப்பீட்டுப் பொறுப்பைப் பள்ளி முதல்வர்கள் மேல் வைத்தது; ஆனால் அந்தப் பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2005-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சுகாதாரத் துறையிடம் தனியாக ஒரு தேவை மதிப்பீட்டைக் கொடுத்தது. பிறகு நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவாக அந்த மதிப்பீட்டின் கல்விப் பகுதி பள்ளிகளிடம் வந்து சேர்ந்தபோது, அதற்கான நேரமும் நிபுணத்துவமும் தங்களிடம் இல்லை என்று பள்ளிகள் தரப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. பொறுப்பை ஒருவர் பேரில் எழுதும்போதே அவருக்கு ஆளும் பணமும் தரவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

## செய்ய ஆள் இருக்கிறார்களா?

நம் ஊரில் இந்த நடு வேலையைச் செய்யத் தகுதியுள்ளவர் சிறப்பாசிரியர். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் பற்றாக்குறை வழக்கில் மாணவர்–ஆசிரியர் விகிதத்தை வகுக்கச் சொன்னது. 2022-இல் மத்திய அரசு அறிவித்த அளவுகோல், பொதுப் பள்ளிகளில் தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர். 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, எத்தனை பணியிடங்கள் தேவை என்று மாநிலங்கள் உடனே அறிவிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அதுவரை பல மாநிலங்கள் பணியிடத்தையே உருவாக்கவில்லை.

தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் வட்டார வள மையத்தை மையமாகக் கொண்டு, தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு மாறி மாறிப் போகிறார்கள். அவர்களின் சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியைச் சார்ந்தது. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத விவகாரத்தில் மத்திய அரசு அந்த நிதியை நிறுத்திவைத்ததை எதிர்த்து மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நினைவிருக்கலாம். இரண்டு அரசுகளின் சண்டை என்று செய்தியில் படித்தது, கடைசியில் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த பயிற்றுநர் வருவாரா என்ற கேள்வியாக ஒரு குழந்தையின் வகுப்பறைக்குள் வந்து நிற்கிறது.

தனியார் பள்ளிகளில் வேறொரு வழக்கம் பரவியிருக்கிறது: வகுப்பில் குழந்தையோடு கூடவே இருந்து உதவும் ‘ஷேடோ டீச்சர்’ ஒருவரைப் பெற்றோர் தம் செலவில் வைத்தால்தான் குழந்தையை வைத்துக்கொள்வோம் என்பது. தேவையான ஆதரவைத் தருவது நிறுவனத்தின் கடமை என்று 16-ஆம் பிரிவு சொல்லும்போது, அதைச் சேர்க்கை நிபந்தனையாக்கிச் செலவைப் பெற்றோர் தலையில் கட்டுவதற்கு இந்தச் சட்டத்தில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆதரவு தேவையா, எவ்வளவு தேவை என்று பள்ளி எந்த மதிப்பீட்டையும் செய்யாமலேயே இப்படிக் கேட்பது இன்னும் மோசம்.

## எழுத்தில் கேளுங்கள்: முறையிடும் வரிசை

1. பள்ளிக்குக் கடிதம். 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, கண்டறிதல் குழு குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றும், பார்த்த பிறகு வகுப்பில் என்ன மாற்றம் செய்யப்படும் என்று எழுத்தில் வேண்டும் என்றும் கேட்கலாம். தேதியும், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முக்கியம். உளவியல் சோதனைக்கு மட்டும் பெற்றோரின் சம்மதத்தைப் பள்ளி எழுதி வாங்கிக்கொள்வது முறை. வகுப்பில் கவனிப்பதற்கும் கற்பித்தலை மாற்றுவதற்கும் அது தேவையில்லை.

2. மாவட்டக் கல்வி அலுவலகம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சேர்க்கை, வசதிகள் தொடர்பான எல்லாவற்றையும் கவனிக்க ஒரு தொடர்பு அதிகாரி அங்கே இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. யார் அவர் என்று கேட்டாலே சில இடங்களில் கோப்பு நகரத் தொடங்கும்.

3. சான்றிதழ் பிரச்சினை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதன் பிறகு 59-ஆம் பிரிவின் மேல்முறையீடு.

4. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் தரலாம். விசாரணைக்கு ஆள்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையருக்கு உண்டு. பிறகு தருவது பரிந்துரை. அதைப் பெற்ற அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதே மூன்று மாதத்துக்குள் காரணத்தை ஆணையரிடம் சொல்லி, புகார்தாரருக்கும் தெரிவிக்க வேண்டும்.

5. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறியதற்கான தண்டனை அதன் 89-ஆம் பிரிவில் இருக்கிறது: முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்கும், ஆணையரின் பரிந்துரையை ஏற்க மறுத்துக் காரணம் சொல்லும் அதிகாரியை எதிர்ப்பதற்கும் கடைசியில் நீதிமன்றத்துக்குத்தான் போயாக வேண்டும். அப்போது முதல் கடிதத்தில் வாங்கிய கையெழுத்தும், அந்த ஆண்டு பள்ளி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்ற பதிவும்தான் வழக்கைத் தாங்கும்.